போர்டில் எழுதாத வேலை

என் பாசத்துக்குரிய கண்ணையா அண்ணாவுக்கு, லைட்ஹவுஸ் குப்பத்துச் செல்வி எழுதுகிறேன்.

நீ போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. இங்கே எல்லாரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. நாய்கள் நலம். நாங்கள்தான் கொஞ்சம் கலங்கிப் போயிருக்கிறோம். அந்தக் கலக்கத்துக்குக் காரணமே நீதான் என்பதால், உன்னிடமே சொல்லிவிடலாம் என்று காகிதத்தை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் நம் நாய்ப் பயிற்சி மையத்துக்குப் புது வேலி போட்டாயிற்று. ஏழுமலை அண்ணனின் தோள்வலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே இருக்கிறது. நம் முதலாளி தேவராஜ் சார் பொன்னேரிக் கடையில் கோழித்தீவனத்தை நிறுத்திவிட்டு நாய்த்தீவனம் மட்டும் விற்கிறார். இப்போதுதான் கடைக்குக் கார் வைத்திருப்பவர்கள் வருகிறார்களாம். முகத்தில் ஒரு பெருமை.

அந்தப் பெருமையில் மையத்துக்குப் புதிதாக ஒரு நோட்டீஸ் அடிக்கப் போகிறார். அதில் ஒரு பக்கம் 'எங்கள் பயிற்சியாளர்களின் பின்னணி'. நம் மூவரில் பத்தாவது வரை படித்தவள் நான் மட்டும்தான் என்பதால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "கண்ணையா பேருதான் மொதல்ல வரணும் செல்வி. போட்டோ போட்டு, சுத்தி மாலை மாதிரி டிசைன் போட்டு, போலீஸ்ல இருந்தத கொட்ட எழுத்துல போட்டுடு" என்றார். அந்த ஒரு பக்கத்தை எழுத முடியாமல்தான் உனக்கு இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

வாசலில் இருக்கும் பழைய போர்டை நீ மறந்திருக்க மாட்டாய். மெட்ராஸிலிருந்து நாய் கொண்டுவருகிறவர்கள் வெறும் ஆட்களை நம்பமாட்டார்கள் என்று சார் நமக்கெல்லாம் ஆளுக்கொரு வேலை போட்டுக் கொடுத்தாரே! கண்ணையா, முன்னாள் காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவு. ஏழுமலை, முன்னாள் கடற்படை. செல்வி, விலங்கு நல ஆர்வலர். ஒருநாள் கார்க்காரர் ஒருவர் ஏழுமலை அண்ணனைப் பார்த்து, "எந்தக் கப்பல்ல இருந்தீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், "மீன் புடிக்கிற ஃபைபர் போட்டு சார், இருவது வருசம்" என்று சொல்லிவிட்டார். நீ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சிரித்தாய்.

உன் பெயருக்கு நேரே எழுதியிருந்ததைப் பார்த்து மட்டும் நீ ஒருநாளும் சிரித்ததில்லை. யாராவது "போலீஸ் சார்" என்று கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்வாய். உன்னுடையது மட்டும் நிஜம்போல, அதனால்தான் இந்த அடக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் எவ்வளவு புத்தி!

என் பின்னணியை நான் உன்னிடம் மறைக்கவில்லை, அண்ணா. நீ எங்கள் குப்பத்துக்குக் கருவாடு வாங்க வந்த அன்று என் காலடியில் ஒரு நாய் படுத்திருந்தது. அதன் முதுகில் முடியே இல்லை. "இன்னாமா ஆச்சு இதுக்கு?" என்று கேட்டாய். வேறு யாராவது கேட்டிருந்தால் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று சொல்லியிருப்பேன். உன்னிடம் ஏனோ பொய் வரவில்லை. "நான்தாண்ணா சுடுதண்ணி ஊத்தினேன்" என்றேன்.

வலையில் ஒன்றும் விழாத மாதம் அது. காயப் போட்டிருந்த வாளை மீனை அது இழுத்துக்கொண்டு ஓடியது. இறால் அவித்த குண்டான் என் கையில் இருந்தது. ஊற்றிவிட்டேன். அது கத்திய சத்தத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். நாய் சாகவில்லை. குப்பத்துப் பிள்ளைகள் அதற்கு 'செல்வி நாய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பேச்சுக்குப் பேச்சு "செல்வி நாய் வருது, செல்வி நாய் போவுது" என்று கேட்டுக் கேட்டு, வெட்கம் தாங்காமல் சோறு வைக்க ஆரம்பித்தேன். முதலில் நான் அந்த இடத்தை விட்டுப் போன பிறகுதான் தின்னும். என் பக்கத்தில் வந்து படுக்க அதற்கு ஒரு வருஷம் ஆயிற்று.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீ மணலிலேயே உட்கார்ந்துவிட்டாய். கருவாடு வாங்கவே இல்லை. அந்த நாயைப் பார்த்துக்கொண்டே, "எங்க மையத்துல ஆள் வேணும், வரியாமா?" என்றாய்.

"சுடுதண்ணி ஊத்தினவளயா கூப்புடுற?"

"ஊத்தினேன்னு சொல்றவளக் கூப்புடுறேன்."

என்ன பெரிய மனசு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்றைக்கே அந்த மணலில் வைத்து உன் கதையையும் சொல்லியிருக்கலாமே! நாம் இரண்டு பேர்தானே இருந்தோம்? மூன்றாவதாக இருந்தது அந்த நாய், அதுவும் என்னையே மன்னித்த நாய்.

நம் மையத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே நீ உட்கார்ந்த உட்கார்வுதான். பயந்த நாய் வந்தால் நீ அதன் பக்கம் போகமாட்டாய். முற்றத்து நடுவில் அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொள்வாய். வலது கையை மட்டும் பின்னால் நீட்டி, உள்ளங்கை வானத்தைப் பார்க்கும்படி மண்ணில் வைத்திருப்பாய். கூப்பிட மாட்டாய், திரும்பிப் பார்க்க மாட்டாய். கால் மரத்துப்போனாலும் அசைய மாட்டாய். கடைசியில் நாயே வந்து உன் கையில் மூக்கை வைக்கும். 'போலீஸ் டெக்னிக்' என்று சார் வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்வார். எனக்கும் ஏழுமலை அண்ணனுக்கும் அது கைவர எத்தனை மாதம் ஆயிற்று!

நாயை வண்டியில் ஏற்றுகிற வேலையை மட்டும் நீ தொடமாட்டாய். எவ்வளவு பெரிய ஆள் சொன்னாலும் சரி, "சொந்தக்காரங்களே ஏத்திக்கட்டும்" என்று விலகிப் போய்விடுவாய். இடுப்புவலி என்று நாங்களே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தோம்.

உன் கருமாதி அன்று மத்தியானம் பந்தியில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தார். பெயர் முனுசாமி. பொன்னேரியில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். உன்னோடு வேலை பார்த்தவர் என்றார். போலீஸா என்று கேட்டேன்.

"போலீஸா? நாய் வண்டிமா. நான் ஓட்டுவேன், அவன் புடிப்பான்" என்றார்.

எந்த ஊரில் ஓடிய வண்டி என்று இங்கே எழுதவில்லை. உன் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். பெரியவர் சொன்னதை மட்டும் அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மத்தவனுங்க சுருக்குக் கம்பிய எடுத்துக்கினு தெருத்தெருவா ஓடுவானுங்க. கடி வாங்குவானுங்க. ஜனம் கல்லால அடிக்கும். கண்ணையா ஓடவே மாட்டான்மா. தெரு முனையில முதுகக் காட்டி உக்காந்துக்குவான். கையில ஒரு துண்டு பன்னு. நாய்ங்க தானா வரும். வந்து அவன் கைய நக்கும். அப்பிடியே கழுத்த நீவிக்கினே தூக்கி வண்டிக்குள்ள வெச்சிடுவான். ஒரு நாய் கத்தாது. அந்த மாதிரி புடிக்கிறவன நான் ஜென்மத்துல பாத்ததில்ல."

"புடிச்சிட்டு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அந்தக் காலத்துல புடிச்ச நாய் திரும்பி வராதுமா" என்று சொல்லிவிட்டு, வடையைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்தார். உன்னைப் புகழத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார், பாவம். அவர்மேல் கோபம் வரவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலை லட்டு வந்தது. பொன்னேரி சாந்தி டீச்சரின் நாய், நீ பாதியில் விட்டுப்போன நாய். மனிதர்களின் கையைக் கண்டாலே ஒடுங்கிப்போகும் அந்தத் தெருநாய், உன் கையை மட்டும்தான் முதலில் நக்கியது. நான் முற்றத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன், கையை நீட்டினேன். லட்டு மெல்ல வந்து மூக்கை வைத்தது. நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அது வேலி ஓரத்துக்கு ஓடிவிட்டது. இத்தனை நாள் நான் செய்துகொண்டிருந்தது எது, அண்ணா? நாயைப் பழக்கியதா, இல்லை அந்தத் தெரு முனையில் நீ செய்ததேதானா?

மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். ஏழுமலை அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு, "செத்தவன் வேட்டிய எதுக்கு உருவுற? போலீஸ்னே இருந்துட்டுப் போவட்டும் வுடு. நான் நேவியில இருந்துட்டுப் போறேன், அவன் போலீஸ்ல இருந்துட்டுப் போறான்" என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. எனக்கும் அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது.

நான்காம் நாள் கல்லறைத் தோட்டத்து வழியாக மையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். வாசலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிலைகளுக்குப் பக்கத்தில் வழிகாட்டி ஒருவர் வெளியூர்க்காரர்களைக் கூட்டி நிறுத்தி, கல்லில் செதுக்கியதைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் வியாபாரி, இவர் கோட்டைக்கு அதிகாரி, இவர் பெரிய குடும்பம். "இவங்கதான் இந்த ஊர்ல இருந்து ஆளுங்களப் புடிச்சு அடிமையா கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்க. அது எந்தக் கல்லுலயும் இருக்காது" என்று போகிறபோக்கில் சொன்னார். அவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தினமும் அந்தப் பக்கமாக நடக்கிறவள்தான் நான், அன்றைக்குத்தான் நின்று கேட்டேன். நான் எழுதப்போகும் பக்கமும் அந்தக் கல்லைப் போலத்தான் இருக்கும் என்று தெரிந்தது. மையத்துக்குப் போகாமல் நேராக உன் வீட்டுக்குப் போனேன்.

தனம் அண்ணி இறால் உரித்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைத் தொடங்கியதுமே, "முனுசாமி சொன்னாரா?" என்றார். கை நிற்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன்.

"கடைசியா ஒரு நாய் புடிச்சாரு. அத வண்டியில வெச்சு கதவ சாத்தின பொறவும், கம்பிக்குள்ள இருந்து அவரையே பாத்து வால ஆட்டிக்கினே போச்சாம். எங்கியோ கூட்டிக்கினு போறாருனு நெனச்சிச்சு போல. அன்னிக்கு வந்து சோறு துன்னல. மறுநாள் வேலைக்குப் போவல. எங்க நைனா ஊட்டுக்கே வந்துட்டோம்."

"என்கிட்ட ஏன் அண்ணி சொல்லல? நான் எல்லாத்தையும் சொன்னேனே."

"உன்கிட்ட சொல்லணும்னுதான் தவிச்சாரு. அந்தப் பொண்ணு எழுந்து போயிட்டா இன்னா பண்றதுனு கேப்பாரு. ஊருக்குலாம் பயப்படல. உனக்குத்தான் பயந்தாரு."

அழுதேன், அண்ணா. கோபத்தில் அழுதேனா, பாசத்தில் அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இறால் கையோடு கண்ணைத் துடைத்ததில் கண்தான் எரிந்தது. நோட்டீஸில் உண்மையை எழுதட்டுமா என்று கேட்டேன். அண்ணி சட்டியைத் தள்ளி வைத்தார்.

"எழுது. ஆனா பாவத்தக் கழுவினாரு, ஈடு கட்டினாருன்னுலாம் எழுதாத. இங்க பத்து நாய் சொன்ன பேச்சு கேட்டா, அந்த நாய்ங்க எழுந்து வந்துடுமா? அவரே அத ஒத்துக்க மாட்டாரு."

தேவராஜ் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் உன்னைத் திட்டினார். பிறகு போர்டை எழுதியது தானே என்பது நினைவுக்கு வந்து தன்னைத் திட்டிக்கொண்டார். "இத அடிச்சா ஜனம் நாயக் கூட்டிக்கினு ஓடிடும் செல்வி. நம்ம மூணு பேரு பொழப்பும் இதுலதான் இருக்குது" என்றார். அது பொய்யில்லை. ஏழுமலை அண்ணனால் இனி வலை இழுக்க முடியாது. நான் மறுபடியும் கருவாட்டுக்குத்தான் போகவேண்டும். கடைசியில், "ஒரே ஒருத்தர்கிட்ட சொல்லிப் பாரு. அவங்க ஓடாம நின்னா நோட்டீஸ் அடிக்கிறேன்" என்றார்.

நான் சாந்தி டீச்சரிடம் சொன்னேன். லட்டுவைத் தெருவிலிருந்து தூக்கி வளர்த்தவர், உன் சாவுக்கு வந்து அழுதவர். அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பட்டது. உன் கதையோடு என் சுடுதண்ணீர்க் கதையையும் சேர்த்தே சொன்னேன். அவர் லட்டுவின் கயிற்றை எடுத்துக்கொண்டார். "அந்தக் கையை என் நாய் நக்கிச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. சார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விட்டார். ஏழுமலை அண்ணன், "நான் அப்பவே சொன்னேன்" என்பதை வாயால் சொல்லாமல் புருவத்தால் சொன்னார். நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று எனக்கே பயமாகிவிட்டது. உன் பெயரையும் கெடுத்து, எங்கள் சோற்றிலும் மண்ணைப் போட்டுவிட்டேனா?

போன சனிக்கிழமை காலை டீச்சர் வந்தார். லட்டுவும் கூட வந்திருந்தது. வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் செல்வி. அந்த நாய்ங்களும் அவர் கைய நம்பித்தானே வந்துச்சு? லட்டுவும் அப்படித்தான் வருது. உங்க கைய மட்டும் நான் எப்படி நம்புறது?"

நல்ல பதிலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நம்ப வேணாம் டீச்சர். உள்ள வந்து உக்காந்து என் கையப் பாத்துக்கினே இருங்க."

மையத்தில் சொந்தக்காரர்களை உள்ளே உட்கார வைக்கிற வழக்கம் இல்லையே. கார்க்காரர்கள் குறுக்கே பேசுவார்கள் என்று சார் எல்லாரையும் வெளியே டீக்கடையில்தான் உட்கார வைப்பார். அன்றைக்கு அவரே ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து முற்றத்தில் போட்டார்.

நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கையைப் பின்னால் நீட்டி மண்ணில் வைத்தேன். டீச்சர் என் கையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை என்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. வெயில் ஏறிற்று. கால் மரத்தது. லட்டு வந்து மூக்கை வைத்தபோது இந்த முறை நான் கையை இழுக்கவில்லை. வேலை முடிந்ததும் டீச்சர், "அடுத்த சனிக்கிழமையும் நாற்காலி வேணும்" என்று சொல்லிவிட்டு லட்டுவைக் கூட்டிப்போனார். சார் என்னைப் பார்த்து, "அந்தப் பக்கத்தக் குடு" என்றார்.

ஒரு பக்கத்தில் அடங்காவிட்டாலும் இந்தக் கடிதத்தையேதான் கொடுக்கப் போகிறேன். உன் பெயர் முதலில் இருக்கும், அதற்கு நேரே நீ செய்த வேலை இருக்கும். சுடுதண்ணீர் ஊற்றிய செல்வி அதற்குக் கீழே. ஏழுமலை அண்ணன், "எனக்கு ஃபைபர்னே போட்டுடு, கடற்படையில எவனாச்சும் தேடிக்கினு வந்துடப் போறான்" என்கிறார். கழுவினாய் என்றோ ஈடுகட்டினாய் என்றோ ஒரு வார்த்தை இல்லை, அண்ணியிடம் படித்துக் காட்டிவிட்டேன்.

கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்காதே. சில நாள் உன் போட்டோவைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சில நாள் அதைத் துடைத்து வைக்கிறேன். ஆனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் இங்கே இருக்கும்வரை முற்றத்தில் அந்த நாற்காலி இருக்கும். நாயை நம்பி விட்டுப்போகிறவர் யாராக இருந்தாலும் அதில் உட்கார்ந்து என் கையைப் பார்க்கலாம். எனக்கு அது அவமானம் இல்லை. நீ அந்தத் தெரு முனைகளில் உட்கார்ந்திருந்தபோது, யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று உன் கையை இப்படிப் பார்த்திருக்கக் கூடாதா, அண்ணா?

பாதிக் கோபத்தோடும் முழுப் பாசத்தோடும்,
உன் தங்கச்சி
செல்வி